ஆளை எப்படிக் கண்டுபிடித்தாள்? ட்ரூஃபோ, ஷப்ரோல்: இரண்டு பழிவாங்கல் கதைகள்

பழிவாங்கும் கதை எதுவானாலும் நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான். செய்தவன் இன்னான் என்று எப்படித் தெரிந்தது? அங்கே கதை தடுமாறினால் அப்புறம் எத்தனை கொலை விழுந்தாலும் மனசு ஒட்டாது. இந்தக் கேள்வியோடு ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு பிரெஞ்சுப் படங்களை மறுபடி பார்த்தேன். முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1968இல் வந்தது பிரான்சுவா ட்ரூஃபோவின் 'மணப்பெண் கறுப்பு உடுத்தியிருந்தாள்'. 1969இல் க்ளோத் ஷப்ரோலின் 'மிருகம் சாகட்டும்'. இருவரும் ஒரே சினிமா பத்திரிகையில் விமர்சனம் எழுதியவர்கள், இருவரும் சஸ்பென்ஸ் பட இயக்குநர் ஹிட்ச்காக்கைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள். ஆனால் கதை சொல்வதில் இருவரும் வேறு வேறு வழி.

ட்ரூஃபோ படத்தில் கல்யாணம் முடிந்து தேவாலயப் படியில் நிற்கும் மாப்பிள்ளை குண்டடிபட்டுச் சாகிறான். எதிரே ஓர் அறையில் ஐந்து ஆண்கள் துப்பாக்கியை வைத்து விளையாடியதால் வந்த வினை. இனி ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை என்று ஐவரும் சிதறிப்போகிறார்கள். மணப்பெண் ஜூலி (நடித்தவர் ழான் மொரோ) ஒவ்வொருவராகத் தேடிப் போய்க் கொல்கிறாள். முகமே பார்க்காத ஐந்து பேரை அவள் எப்படிப் பிடித்தாள்? படம் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இது பெரிய ஓட்டைதான்.

ஷப்ரோல் பதில் சொல்கிறார், ஆனால் தற்செயலை நம்பிச் சொல்கிறார். மகனைக் காரில் அடித்துக் கொன்றுவிட்டு ஓடியவனைத் தேடுகிறான் எழுத்தாளன் ஷார்ல். வழியில் அவன் கார் சிக்கிக்கொள்கிறது. இதே இடத்தில் அன்றைக்கு இன்னொரு கார் மாட்டியது, முன்பக்கம் அடிபட்டிருந்தது, உள்ளே ஒரு நடிகை இருந்தாள் என்று அங்கிருப்பவர்கள் சொல்கிறார்கள். நம்பக் கஷ்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு எதுவும் சும்மா கிடைப்பதில்லை. நடிகையோடு பழகி அவள் அக்கா வீட்டுக்குள் நுழைகிறான். அக்கா புருஷன் பெயர் 'போல்' (Paul), சொந்தமாக கராஜ் வைத்திருப்பவன். நசுங்கிய காரை வெளியே யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய அவனால் முடியும். இந்த ஒரு விவரம் வந்து உட்கார்ந்ததும் முன்னே நடந்த தற்செயலை நான் மன்னித்துவிட்டேன்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். விருந்தாளிகள் முன்னால் மனைவி எழுதிய கவிதையை எடுத்து வாசித்துக் கேலி செய்கிறான் அந்தக் கராஜ்காரன். சொந்த மகனே அவன் சாகவேண்டும் என்று நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் அவன் விஷத்தில் சாகும்போது, கொன்றது மகனா ஷார்லா என்று படம் தீர்த்துச் சொல்வதில்லை. இருவருக்கும் காரணம் இருக்கிறது என்பதால் அந்தக் குழப்பத்தையும் நம்ப முடிகிறது.

ஆனால் ஒன்று. போலை இத்தனை கொடியவனாக்கிவிட்டதால் அவன் சாவு நம்மை உறுத்துவதே இல்லை. ட்ரூஃபோ அந்தச் சலுகையைத் தரவில்லை. ஐவரில் ஒருவனான மொரானின் சின்ன மகனுடைய டீச்சர் என்று சொல்லி வீட்டுக்குள் வருகிறாள் ஜூலி. மோதிரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி அறைக்குள் மொரானைப் போகவைத்துப் பூட்டுகிறாள். கதவிடுக்குகளை டேப் ஒட்டி அடைக்கிறாள். அது விபத்து என்று உள்ளிருந்து அவன் கெஞ்சுகிறான். அவன் சொல்வது உண்மை என்று நமக்குத் தெரியும். அப்புறம் அந்தக் கொலைக்காக நிஜ டீச்சர் மாட்டிக்கொண்டதும், அவள் நிரபராதி என்று ஜூலியே போலீசுக்குத் தெரியப்படுத்துகிறாள். இப்படி ஒருத்தி இருப்பாள் என்று அங்கே நம்பினேன்.

கதைக்கட்டு என்று பார்த்தால் என் ஓட்டு ஷப்ரோலுக்குத்தான். ஆனால் முடிவில் ட்ரூஃபோ முந்திவிடுகிறார். ஐவரில் ஒருவன் அவள் கைக்குச் சிக்கும் முன்பே வேறு வழக்கில் சிறைக்குப் போய்விட்டான். அவள் கொன்ற இன்னொருவன் ஓர் ஓவியன், அவன் இறுதிச் சடங்குக்குத் தானே போய் நின்று கைதாகிறாள் ஜூலி. பிறகு மிச்சமிருந்த அந்த ஒருவன் இருக்கும் அதே சிறையில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், கத்தியை மறைத்து வைத்திருக்கிறாள். வண்டி மூலை திரும்புகிறது, கேமரா இந்தப் பக்கமே நிற்கிறது. ஒரு அலறல் மட்டும் கேட்கிறது.