மின்சாரம் திரும்பி வரும் நேரம்: டெபியன், ஓபிஎன்சென்ஸ், வயர்கார்ட் பற்றிய நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்க அலுவலகத்தில், முழுக்கக் கட்டற்ற மென்பொருளால் ஆன ஒரு சிறு வலையமைப்பை 2021-ஆம் ஆண்டு முதல் பராமரித்து வருகிறேன். வாசலில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால்; உள்ளே, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேவையகம்; அதன்மேல், கோப்புகளைப் பகிர நெக்ஸ்ட்கிளவுட்; வெளியிலிருந்து இணைவதற்கு, ‘சுரங்கம்’ எனப்படும் குறியாக்கம் செய்த தனிவழியை அமைக்கும் வயர்கார்ட்; காப்புப்பிரதிக்கு போர்க் என்பதே இதன் அமைப்பு. உறுப்பினர் பட்டியல், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மாணவர் விவரம், காவடித் திருவிழாக் கணக்கு ஆகியவற்றோடு, பல குடும்பங்கள் நம்பி ஒப்படைத்த பழைய ஆவணங்களின் நகல்களும் இதில் உள்ளன. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் இங்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், முன்னோரின் ஊரைத் தேடுவதற்கு அந்த ஆவணங்களில் உள்ள குடியேற்ற எண்களையே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். சில தாள்களின் மூலப்படி இன்று யாரிடமும் இல்லை. நகல் மட்டுமே மிச்சம்.

எனவே இந்தச் சேவையகத்தைப் பாதுகாப்பது எனக்குப் பொழுதுபோக்கு அன்று. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா, 2021 ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்காவில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சிறுவர் பற்றிய தகவலையும் சமய நம்பிக்கை பற்றிய தகவலையும் அது தனிக் கவனத்துக்குரியவையாக வகைப்படுத்துகிறது. எங்களிடம் இரண்டுமே உண்டு. அதே மாதத்தில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டு டர்பன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் தேங்கி நின்றதை ஊரே பார்த்தது. அதன்பிறகு, சங்கத்தின் செயற்குழுவில் பாதுகாப்புக்கான செலவைப் பற்றி யாரும் மறுத்துப் பேசவில்லை.

இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இந்த நாட்டில் சேவையகம் நிறுவுகிறவர், வெளியிலிருந்து ஊடுருவுபவரை மட்டும் மனத்தில் வைத்து வடிவமைக்கக் கூடாது. லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும்போது, அருகில் ஆள் இல்லாமலேயே ஒவ்வொரு பகுதியும் உரிய வரிசையில், உரிய பூட்டுகளோடு எழுந்து நிற்கும்படி வடிவமைக்க வேண்டும். நான் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை தாக்குதலின்போது வந்தவை அல்ல; மின்சாரம் போன நேரத்தில் வந்தவையும் அல்ல; அது திரும்பி வந்த அந்தச் சில நிமிடங்களில் வந்தவை.

முதலில் யூபிஎஸ். பேட்டரி தீரும் முன் சேவையகத்தை ஒழுங்காக அணைக்க பல கருவிகள் இருந்தாலும், டெபியனில் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் பொதியே போதுமானது. ஆனால் அதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ‘மின்சாரம் திரும்பினால் தானே இயங்கு’ என்ற அமைப்பை வைத்திருந்தாலும், கணினிக்குச் செல்லும் மின்சாரம் உண்மையாகவே ஒருமுறை அறுபட்டால்தான் அது வேலை செய்யும். பேட்டரி குறைந்து சேவையகம் அணையத் தொடங்கிய பிறகு, யூபிஎஸ் முற்றிலும் தீர்வதற்குள் தெருவில் கரண்ட் வந்துவிட்டால், கணினியின் பார்வையில் மின்சாரம் போகவே இல்லை. அது அணைந்தபடியே கிடக்கும். இதற்காகவே, அணையும் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸுக்கே கட்டளை அனுப்பி, வெளியீட்டைத் துண்டித்து மீண்டும் தரச் செய்யும் வசதி அந்தப் பொதியில் உள்ளது. விலை குறைந்த யூபிஎஸ்கள் சில இந்தக் கட்டளையை ஏற்பதில்லை. வாங்கும் முன் அந்தப் பொதியின் வன்பொருள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி ஆழமாகத் தீர்ந்து நிரம்பும் இடத்தில் ஈய அமிலப் பேட்டரி விரைவில் தளர்ந்துவிடுவதால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையே நீண்ட நாளில் மலிவு.

அடுத்தது வட்டுக் குறியாக்கம். இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். அலுவலகத்தில் திருட்டு நடந்தால் கணினியும் போகும், அதிலுள்ள அடையாள எண்களும் போகும். ஆகவே வட்டைக் கடவுத்தொடரால் பூட்டும் லக்ஸ் குறியாக்கத்தை விட்டுவிட முடியாது. ஆனால் வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்தால், இயங்கத் தொடங்கும்போதே கடவுத்தொடர் கேட்டு நின்றுவிடும். ஒரே நாளில் சில முறை மின்வெட்டு வந்த 2023-இல், ஒவ்வொரு முறையும் ஒருவர் சாவியோடு போய் விசைப்பலகை முன் உட்கார்வது நடக்காத காரியம். தொடக்க நிலையிலேயே டிராப்பேர் என்ற சிறு எஸ்எஸ்எச் (தொலை நுழைவு) சேவையகம் வழியாகத் தொலைவிலிருந்து திறக்கலாம் என்பது உண்மைதான். ஆயினும் அந்த நிலையில் வயர்கார்டை எழுப்புவதற்கு நிறையக் கைவேலை தேவைப்படும், அதைப் பின்னால் வருபவருக்கு விளக்குவதும் கடினம்.

நான் தேர்ந்த வழி எளிமையானது. இயங்குதளப் பகுதி குறியாக்கம் இன்றி இருக்கிறது. அதில் உறுப்பினர் தகவல் எதுவும் இல்லை. தரவு முழுவதும் லக்ஸ் பகுதியில் உள்ளது. அது தானாகத் திறக்காது. கரண்ட் வந்ததும் சேவையகமும் வயர்கார்டும் எஸ்எஸ்எச்சும் மட்டும் எழும். முறைப்பொறுப்பில் இருப்பவர் தம் வீட்டிலிருந்து நுழைந்து கடவுத்தொடரைத் தந்ததும், தரவுப்பகுதி ஏற்றப்பட்டு, தரவுத்தளமும் நெக்ஸ்ட்கிளவுடும் பின்தொடர்ந்து எழும். இந்த வரிசையைத் தற்செயலுக்கு விடக் கூடாது. அந்தச் சேவைகளின் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருள்) கோப்பில், தரவுப்பகுதி ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே தொடங்க வேண்டும் என்று ‘ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்’ வரியால் கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், வட்டு திறக்கும் முன்பே சேவை எழுந்து, வெற்று அடைவில் எழுதத் தொடங்கும் ஆபத்து உண்டு. இந்த ஏற்பாட்டில் ஒரு சிரமமும் உண்டு, அதை மறைக்கவில்லை. “தம்பி, கரண்ட் வந்து நேரமாச்சு, கோப்பு இன்னும் திறக்கலையே” என்று பொருளாளர் ஐயா அழைக்கும் அழைப்புகள் முழுவதும் நிற்கவில்லை. இருப்பினும், திருடப்பட்ட பெட்டியிலிருந்து ஒரு குழந்தையின் விவரம் வெளியே போவதைவிட இந்தத் தாமதம் எவ்வளவோ மேல் என்பதே என் முடிவு. ஐயாவும் அதை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது கோளாறு கடிகாரத்தில் இருந்து வந்தது. காப்புப்பிரதி செல்லும் இரண்டாம் இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டில் உள்ள ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி. அதில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்வந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். வயர்கார்டோ, பழைய செய்தியை யாரேனும் பிடித்து மீண்டும் அனுப்பி ஏமாற்றாதிருக்க, இணைப்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேரமுத்திரை வைக்கிறது. முன்பு கண்டதைவிடப் பிந்தைய முத்திரை வந்தால்தான் எதிர்முனை ஏற்கும். கடிகாரம் பின்னோக்கிப் போனதும் சுரங்கம் எழவில்லை. நேரத்தை இணையத்திலிருந்து பெறலாமே என்றால், பெயர்த் தீர்வுக்கு (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றுவதற்கு) அந்த பை எங்கள் அலுவலகத்தில் அந்த வேலையைச் செய்யும் அன்பவுண்டையே நாடும்படி அமைந்திருந்தது; அங்கே செல்லவோ சுரங்கம் வேண்டும். நேரத்துக்குப் பெயர், பெயருக்குச் சுரங்கம், சுரங்கத்துக்கு நேரம் என்ற சுழல் அது. பதிவேட்டில் பிழை என்று எதுவும் தெளிவாகத் தெரியாது; மறுமுனையின் மௌனம் மட்டுமே தெரியும். டிஎஸ் 3231 சில்லு கொண்ட சிறு கடிகாரப் பலகை ஒன்றைப் பொருத்தி, பைக்கு உள்ளூர் இணைய நிறுவனத்தின் பெயர்த் தீர்வியையும் தந்ததும் சுழல் அறுந்தது. பெயர்த் தீர்வில் வரும் பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பும் சரியான நேரத்தையே நம்பியிருப்பதால், கடிகாரமில்லாத எந்தக் கருவியையும் பெயர்த் தீர்வியாக வைக்காதிருப்பது நல்லது.

வயர்கார்டைப் பற்றி மற்றபடி எனக்குக் குறை எதுவும் இல்லை. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கருநிரலிலேயே இருக்கிறது. எங்கள் ஃபைபர் இணைப்புக்குத் தனிப் பொது முகவரி கிடையாது; ஆகையால் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு சிறு வாடகைச் சேவையகத்தை நடுவில் வைத்து, அலுவலகத்திலிருந்து அதற்குச் சுரங்கம் போட்டிருக்கிறோம். பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரியில் அனுப்பும் முகவரி மாற்றியின் கதவு மூடிவிடாதிருக்க, 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி போகிறது. தெருமுனைப் பெட்டியின் பேட்டரி தீர்ந்து ஃபைபர் விழுந்தாலும், ஓபிஎன்சென்ஸ் கைபேசி வலையமைப்பில் இயங்கும் எல்டிஇ மோடத்துக்கு மாறுகிறது. சுரங்கம் புதிய முகவரியிலிருந்து தானே தொடர்கிறது. வாடகைச் சேவையகத்தில் டிஎல்எஸ் (இணையப் பக்கக் குறியாக்கம்) பூட்டைத் திறப்பதில்லை. அது கடத்துவதோடு சரி, சான்றிதழும் திறவுகோலும் சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கின்றன.

டெபியனின் நிலையான பதிப்பைத் தேர்ந்ததற்கு 2024-இல் இருமுறை நன்றி சொன்னேன். மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் புதைக்கப்பட்டிருந்த பின்வாசலை மென்பொருளாளர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமானதைக் கண்டு அவர் தோண்டிப் பார்த்ததால் உலகம் தப்பியது. அந்த நச்சு டெபியனின் சோதனைக் கிளைகளைத்தான் எட்டியிருந்தது, நிலையான பதிப்பை எட்டவில்லை. ஜூலை 1 அன்று வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டை டெபியன் 12-ஐயும் தொட்டது. ஆனால் எங்கள் எஸ்எஸ்எச் பொது இணையத்தில் செவிகொடுப்பதே இல்லை, வயர்கார்ட் முகவரியில் மட்டும் கேட்கிறது. தானியங்கி மேம்படுத்தல் திருத்தத்தை இறக்கிவைத்தது; நான் சரிபார்த்ததோடு சரி.

தவறான நுழைவு முயற்சி செய்யும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேனை வைத்தால் பாதுகாப்பு ஆகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். கடவுச்சொல் நுழைவை முற்றிலும் அடைத்து, இடி25519 வகைத் திறவுகோலை மட்டும் ஏற்கும் எஸ்எஸ்எச்சுக்கு அது சேர்க்கும் பயன் சிறிதே. இணையப் பக்க நுழைவுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். டெபியன் 12-இல் பதிவுக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால், பழைய பதிவுக் கோப்பைத் தேடி ஃபெயில்டுபேன் எழாமலே நின்றுவிடுகிறது. அதன் அமைப்பில் பின்புலத்தைச் சிஸ்டம்டி என்று குறித்தால் சரியாகும். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட், யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் போட்ட தடையைத் தாண்டி நேரே திறந்துவிடும். அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு கட்டி வெளியிடுவதே பாதுகாப்பு.

மின்வெட்டு 2024 மார்ச் இறுதியில் நின்று, பல மாதங்கள் வராமலிருந்தது. அந்த நிம்மதியில் ஒரு புதிய சிக்கல் எழுந்தது: முன்பு மின்வெட்டே சேவையகத்தை அடிக்கடி அணைத்து எழுப்பியதால் புதிய கருநிரல் தானே நடைமுறைக்கு வந்தது, இப்போது திருத்தம் வட்டில் இறங்கியும் பழைய கருநிரலே ஓடிக்கொண்டிருந்தது. நீட்ரீஸ்டார்ட் பொதி இதைச் சரியாகச் சுட்டிக்காட்டுகிறது; பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சேவைகளையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. தரவுப்பகுதியைத் திறக்க ஆள் வேண்டும் என்பதால் நள்ளிரவுத் தானியங்கி மறுதொடக்கத்தை நான் வைக்கவில்லை. ஞாயிறு மாலை, பள்ளி முடிந்தபின், முறைப்பொறுப்பாளரே செய்கிறார்.

டெபியன் 11-இலிருந்து 12-க்கு ஏறுவதில் சிக்கியது இயங்குதளம் அன்று, நெக்ஸ்ட்கிளவுட்தான். டெபியன் 11 தரும் பிஎச்பி (நெக்ஸ்ட்கிளவுட் எழுதப்பட்ட மொழி) 7.4-இல் நெக்ஸ்ட்கிளவுட் 25-க்கு மேல் ஓடாது. டெபியன் 12 தரும் 8.2-இல் அந்த 25 ஓடாது. பெரும்பதிப்பு ஒன்றைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. இடையில் பிஎச்பி 8.1-ஐ வெளிக் களஞ்சியத்திலிருந்து நிறுவி, 26-க்கு ஏற்றி, அதன்பிறகே டெபியனை ஏற்ற வேண்டியிருந்தது. டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்) தனிப் பிரிவாகிவிட்டது. களஞ்சியப் பட்டியலில் அதைச் சேர்க்காவிட்டால் செயலியின் மைக்ரோகோடு திருத்தங்கள் சத்தமின்றி நின்றுவிடும்.

காப்புப்பிரதியில் என் பிடிவாதம் ஒன்று: சேவையகத்தைக் கைப்பற்றியவர் காப்பையும் அழிக்க முடியாதிருக்க வேண்டும். மாரிட்ஸ்பர்க் பையில், சேவையகத்தின் திறவுகோல் போர்க்கை ‘சேர்க்க மட்டும்’ முறையில், ஒரே அடைவுக்குள் மட்டும் இயக்கும்படி கட்டப்பட்டுள்ளது. பழையவற்றைக் கழித்து இடத்தை விடுவிக்கும் வேலையை, பட்டியலில் ஏதும் காணாமல் போகவில்லை என்று பார்த்தபின், பையிலிருந்து நான் தனியே செய்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனும் சுற்றுப்புறமும் பட்ட பாட்டைக் கண்டபின், இரு பிரதிகளும் ஒரே நகரில் இருக்கக் கூடாது என்பதில் செயற்குழுவுக்கும் ஐயமில்லை.

போர்க்கின் குறியாக்கத் திறவுகோல் களஞ்சியத்தோடு மட்டும் இருந்தால் போதாது என்பதால், அதைத் தாளில் அச்சிட்டு, வட்டைத் திறக்கத் தேவையான தகவல் உள்ள லக்ஸ் தலைப்பகுதியின் நகலோடு சேர்த்து உறையிட்டு, செயலாளரிடமும் தலைவரிடமும் தந்திருக்கிறேன். ஒவ்வொரு பள்ளிப் பருவத் தொடக்கத்திலும், என் உதவியின்றி வேறொருவர், வெற்று மடிக்கணினி ஒன்றில், அந்த உறையை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் ஆவணக் கோப்பை மீட்டுத் திறந்து காட்ட வேண்டும் என்று செயற்குழு விதி வகுத்துள்ளது. டெபியன் 13-க்கு ஏறும் வேலையையும் முதலில் அப்படி மீட்ட பிரதியின்மேல் செய்து பார்த்த பிறகே, அலுவலகச் சேவையகத்தில் கை வைக்கவிருக்கிறோம்.