பாளையங்கோட்டையில் நான் போன ஸ்கேன் சென்டர்: பனிக்குட நீர் அதிகம் என்று பயந்தவர்களுக்காக

முதலில் ஸ்கேன் எடுத்த இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 31ஆவது வாரம். ஊர் நர்ஸம்மா டேப் வைத்து அளந்து, "35 சென்டிமீட்டர் வருது, மாசத்துக்கு மீறி இருக்கும்மா" என்று அனுப்பினார். அங்கே படுக்க வைத்து ஐந்தே நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்த பெண்ணிடம் கேட்டால், "டாக்டர்ட்ட காட்டுங்க" என்ற ஒரே பதில்தான். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஏஎஃப்ஐ, அதாவது பனிக்குட நீரின் அளவு, 27. பக்கத்தில் பாலிஹைட்ராம்னியோஸ், நீர் அதிகம் என்று அர்த்தம். அன்று ராத்திரி போனில் தேடித் தேடிப் படித்து, பிள்ளை நீரைக் குடிக்க முடியாதபடி உணவுக்குழாய் அடைத்திருக்குமோ என்று அழுதே விடிந்தது. அத்தை, "நீர் கோத்திருக்கு, தண்ணியக் குறைச்சுக் குடி" என்றார்கள். அதையும் செய்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் டாக்டரம்மா சொல்லி இந்த சென்டருக்குப் போனோம். இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு விட்டுப்போகும். கழிப்பறை மாடியில் இருக்கிறது. நிறைமாதக்காரிகள் வந்துபோகும் இடத்தில் அதை முதலில் கீழே கொண்டுவர வேண்டும்.

ஆனால் உள்ளே இருந்த அந்த அம்மா! மல்லாந்து படுத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. உடனே இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, முதுகுக்கு ஒரு தலையணை செருகினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நாலு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் நீர் எங்கே ஆழமோ அங்கே அளந்தார். 7.1, 6.8, 6.5, 6.6. "கூட்டுங்க பாப்போம்" என்றார். 27. "25க்கு மேல போனா அதிகம்னு சொல்லுவோம், 30 வரைக்கும் லேசானதுதான். 35ஐத் தாண்டினாத்தான் ரொம்ப அதிகம்."

நான் உணவுக்குழாயைக் கேட்டேன். "இந்தா, கறுப்பா சின்ன வட்டம் தெரியுதா? அது பிள்ளையோட இரைப்பை. குடிச்ச தண்ணி அதுல நிக்குது." அந்த வட்டத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை, மொச்சைக்கொட்டை அளவுதான் தெரிந்தது. "இது தெரியறது நல்ல விஷயம். பிறந்ததும் குழந்தை டாக்டர் ஒரு டியூப் விட்டு உறுதி பண்ணிருவாங்க" என்றார்.

தண்ணீரைக் குறைத்ததைச் சொன்னதும் கோபப்பட்டார். இந்த மாதத்தில் பனிக்குட நீர் பெரும்பாலும் பிள்ளை போகும் மூத்திரம்தானாம். அதையே பிள்ளை திரும்பக் குடிக்கும். போவது கூடினாலும் குடிப்பது குறைந்தாலும் நீர் ஏறும். நாம் குடிக்கும் தண்ணீர் நேரே அங்கே போய்த் தேங்குவதில்லை. "சுகர் பாத்தீங்களா?" என்று அடுத்துக் கேட்டார். ஊரில் கோயில் கொடை என்று அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விட்டிருந்தேன். தாய்க்குச் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்கும் ஏறும், பிள்ளை அதிகமாக மூத்திரம் போகும் என்றார். மறுநாளே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 162. 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. பலருக்குக் காரணமே பிடிபடாதாம், எனக்குப் பிடிபட்டது.

அவர் சொன்ன இன்னொன்றை எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் அதிகம் உள்ளவர்களுக்குப் பனிக்குடம் திடீரென்று உடைந்தால் தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் சரிந்து வரலாம். உடைந்தால் நடக்காமல் படுத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கும் கூடலாம் என்பதால் வீட்டுப் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம் வேண்டாம் என்றார். கேட்டோம்.

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினேன். 35ஆவது வாரம் அதே இடத்தில் பார்த்தபோது ஏஎஃப்ஐ 22. 38ஆவது வாரம் சுகப்பிரசவம், பெண் பிள்ளை. டியூப் தடங்கலில்லாமல் இரைப்பை வரை போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

கட்டணம் 1,200 ரூபாய், ரொக்கம் மட்டும். காலை எட்டரைக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். ஆதார் நகலும் பழைய ரிப்போர்ட் அத்தனையும் கையில் இருக்கட்டும், அந்த அம்மா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பார்.