பைத்தான் 3.8-ஐ எப்போது கைவிடுவது: தேதி பார்த்தா, கடைசி வாடிக்கையாளர் வரைக்குமா?

திருப்பூரில் நாங்கள் மூன்று பேர். நிட்டிங் யூனிட்டுகளில் எடைத் தராசிலிருந்து துணி ரோலின் எடையை வாங்கி, லேபிள் அடித்துத் தரும் மென்பொருள் எழுதுகிறோம். எல்லாம் பைத்தான் என்ற நிரல்மொழியில். 2025 ஜனவரியில் அதன் 3.8 பதிப்புக்கான ஆதரவை நிறுத்தினோம். அதற்கு முன் இரண்டு மாதம் எங்களுக்குள் வாக்குவாதம்.

வழிகள் மூன்று. பைத்தானை உருவாக்குபவர்களே ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு தருகிறார்கள். 2019 அக்டோபரில் வந்த 3.8-க்கு 2024 அக்டோபரோடு கணக்கு முடிந்தது. அந்தத் தேதியை ஒட்டியே நாமும் விடுவது ஒன்று. கடைசி வாடிக்கையாளர் மாறும்வரை இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. மூன்றாவது, அறிவியல் மென்பொருள் திட்டங்கள் பின்பற்றும் ஸ்பெக் 0 என்ற பரிந்துரை: வெளியாகி மூன்றே ஆண்டில் விட்டுவிடலாம் என்கிறது. கம்ப்யூட்டர் வாங்கினால் அது புகையும்வரை ஓட்டுகிற ஊரில் அது எடுபடாது.

இழுத்துப் பிடிப்பதிலும் நியாயம் உண்டு. பல்லடம் பக்கம் ஒரு யூனிட்டில் பஞ்சுத் தூசு படிந்த விண்டோஸ் 7 பெட்டி. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைத்தான் 3.8தான், 3.9 அதில் ஏறாது. ஆகவே பைத்தானை மாற்று என்றால் கம்ப்யூட்டரையே மாற்று என்று அர்த்தம். "ஏனுங்க தம்பி, ஓடற வண்டிய எதுக்குங்க மாத்தோணும்?" என்றார் முதலாளி. பாதுகாப்பு என்று பதில் சொல்லலாம்தான். ஆனால் விண்டோஸ் 7-க்கே 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்துவிட்டது; அதன் மேல் பைத்தான் மட்டும் புதிதாக இருந்து என்ன பயன்? அந்த வாதத்தை நான் எடுக்கவில்லை.

என்னை மாற்றியது பராமரிப்பு. பழைய பதிப்பைத் தாங்குவது என்றால் நாலு வரி கூடுதலாக எழுதுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரோல் எடைக் கணக்குக்கு நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்தை (எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) வைத்திருக்கிறோம். 3.8-ஐ ஏற்கும் கடைசி நம்பை வரிசை 1.24. அது பின்னால் வந்த பைத்தான் 3.12-க்கு ஆகாது. 3.12-க்கு 1.26 வேண்டும், அதுவோ 3.9-க்குக் கீழே இறங்காது. இரண்டுக்கும் பொதுவான நம்பை என்று ஒன்று கிடையவே கிடையாது. அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகமும் தன் 2.1 பதிப்பிலிருந்து 3.8-ஐ விட்டுவிட்டது. ஆக, ஒரு மென்பொருளுக்கு இரண்டு குடித்தனம்: இரண்டு பட்டியல், இரண்டு சோதனை, ஒன்றில் மட்டும் வரும் பிழைகள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு செயற்கூற்றின் தலைப்பில் லிஸ்ட் என்பதை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் வகையைக் குறித்திருந்தான். அது 3.9-இல் வந்த வசதி. எங்கள் லேப்டாப்பில் ஓடியது, பல்லடத்தில் திறக்கும்போதே விழுந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் லேபிள் இல்லாமல் ரோல்கள் குவிந்துகிடக்க, நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆதரவை விட்டால் பழைய பெட்டி நின்றுவிடும் என்பதுதான் பெரிய பயம். நிற்காது. தொகுப்பின் விவரக் கோப்பில் ரிக்வயர்ஸ்-பைத்தான் என்ற வரியில் '3.9-உம் அதற்கு மேலும்' என்று போட்டால் போதும். 3.8 இருக்கும் இடத்தில் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) புதியதைத் தொடாமல், அதற்கு ஒத்துவரும் கடைசி வெளியீட்டையே எடுத்துக்கொள்ளும். 2016-இல் வந்த பிப் 9-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. அந்த வரியைப் போட மறந்துவிட்டுப் பழைய ஆதரவை மட்டும் நீக்கினால்தான் விபத்து: பழைய பெட்டி புதியதை இறக்கிக்கொண்டு படுத்துவிடும். நாங்கள் 3.8-க்கான கடைசி வெளியீடாக எங்கள் மென்பொருளின் 2.4-ஐ வெளியிட்டு, ஆறு மாதம் எடைப் பிழைகளை மட்டும் அதில் திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டு, அடுத்ததில் அந்த வரியை மாற்றினோம்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் ஒரே மதியத்தில் போன் போட்டுக் கேட்டுவிடலாம். முகம் தெரியாத ஆயிரம் பேர் தரவிறக்கும் நிரல் நூலகத்தை நாங்கள் நடத்தியதில்லை. அங்கேயும் தேதிதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

3.9-இன் தேதி 2025 அக்டோபரில் வந்தது. எங்கள் ஆட்கள் யாரிடமும் 3.9 இல்லை; ஒரு வரி மாற்றம், சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. பல்லடத்துப் பெட்டி இன்னும் 2.4-இல் லேபிள் அடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு மாதத்தில் அந்த முதலாளி ஒரு திருத்தமும் கேட்கவில்லை.