'மரைன் ஹெட்' என்று விற்பார்கள், கடலில் ஓட்டினால் உத்தரவாதம் இல்லை என்பார்கள்

கிள்ளானில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் என் படகு என்ஜினுக்கு ஒரு ஜோடி அலுமினிய சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) வாங்கினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரிங்கிட். 'மரைன்', அதாவது கடல் படகுக்கானது, என்று சொல்லித்தான் விற்றார்கள். உப்பு அரித்துத் தண்ணீர் எண்ணெயில் கலந்த பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கடல் தண்ணீரில் ஓட்டியதற்கு உத்தரவாதம் கிடையாது" என்கிறார் கடைக்காரர். படகை வேறு எங்கே ஓட்டுவது? செம்பனைத் தோட்டத்து வாய்க்காலிலா?

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, விவகாரம் விசாரணைக்குப் போயிருக்கிறது. ஆனால் பெரிய பெட்ரோல் என்ஜின் வைத்திருக்கும் நம்மவர்கள் எந்தக் கடையிலும் இதே பேச்சைக் கேட்கக்கூடும்.

படகு ஊத்தான் மெலிந்தாங்கில், பெர்ணம் ஆற்றங்கரையில் நிற்கிறது. வார இறுதியில் மீன் பிடிக்கப் போவதற்கு மட்டும்தான். அதில் இருப்பது பழைய செவ்ரோலெட் 454 என்ஜின், 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர். ஆற்றுமுகத்து உப்புநீரையே உறிஞ்சி, பிளாக்கிலும் ஹெட்டிலும் சுற்றவிட்டு, வெளியே தள்ளும் வகை. கடைக்காரரிடம் நான் முதலில் சொன்னதே இதைத்தான். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் இருக்கிறது. "கவலை வேண்டாம் தம்பி, எடை பாதிதான், குதிரைத்திறன் கூடும்" என்று பதில் வந்தது. எங்கள் ஊர்ப் பட்டறை அண்ணன் பெட்டியைப் பிரித்ததுமே முகம் சுளித்து, மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று வந்தது.

அலுமினியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நன்னீரும் குளிர்நீர்க் கலவையும் மூடிய சுற்றில் ஓடி, வெப்பமாற்றி வழியாக மட்டும் கடல்நீரிடம் சூட்டைக் கொடுக்கும் என்ஜினில் அது நன்றாகவே உழைக்கும். உப்புநீர் நேரடியாகப் பாயும் என்ஜினில் கதை வேறு. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் நடுவே உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் மின்கலம் உருவாகிவிடுகிறது, அதில் கரைவது அலுமினியம். எங்கள் ஹெட்டைக் கழற்றியபோது, தண்ணீர் வழிகளைச் சுற்றிக் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) அமரும் முகமே குழி குழியாக இருந்தது. அந்த முகம் போனால் என்ன கேஸ்கெட் போட்டும் பயனில்லை.

அரிப்பு பிறகு வந்தது. முதல் நாளே தெரிந்த கோளாறு, ஹெட்டுக்குள் காற்று போகும் துளையின் அளவு. வந்தவை பெரிய செவ்வகத் துளை ஹெட், உள்ளிழுக்கும் வால்வு 2.19 அங்குலம். ஓட்டப்பந்தயக் காருக்கு அருமையான சாமான், நிமிடத்துக்கு 5,500 சுழற்சிக்கு மேல் என்ஜினை விரட்டுகிறவனுக்கு. என் படகின் முழு வேகமே 4,600 சுழற்சிக்குள் முடிந்துவிடும். அகலமான துளையில் குறைந்த சுழற்சியில் காற்று சோம்பிப்போகிறது, இழுவை குறைகிறது. படகு மூக்கைத் தூக்கி நீரின் மேல் ஏறிச் சறுக்க வேண்டியது 2,500க்கும் 3,500க்கும் இடையில்தானே? ஹெட் மாற்றிய பிறகு நான்கு பேரும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏறினால் படகு பின்பக்கம் அமிழ்ந்தபடியே உறுமிக்கொண்டிருந்தது. குதிரைத்திறன் கூடியதோ என்னவோ, அது கிடைக்கும் சுழற்சிக்கு என் என்ஜின் போகவே இல்லை.

454க்கு, அதுவும் குடும்பப் படகுக்கு, நீள்வட்டத் துளை வார்ப்பிரும்பு ஹெட் போதும். செவ்வகத் துளையெல்லாம் 502 போன்ற பெரிய கொள்ளளவும் அதிகச் சுழற்சியும் சேரும் இடத்துக்கு. பழைய செவ்ரோலெட் ஹெட்டில் வால்வு மூடியைக் கழற்றினால் வார்ப்பு எண் தெரியும். 781, 049 என்று முடிபவை நல்ல நீள்வட்டத் துளை உள்ளவை. லாரிகளுக்கு வந்த மிகச் சிறிய துளை ஹெட்டும் நீள்வட்டமாகத்தான் தெரியும், அதை இதன் விலைக்கு விற்கப் பார்ப்பார்கள். உங்கள் பிளாக் 1991 முதல் வந்த ஐந்தாம் தலைமுறையா என்றும் பாருங்கள். அதில் தண்ணீர் வழிகள் வேறு. பழைய ஹெட்டை அப்படியே பூட்டினால் தண்ணீர் லிஃப்டர் பள்ளத்தில், அதாவது பிளாக்கின் நடுவே எண்ணெய் ஓடும் இடத்தில், இறங்கும்.

வெளியேற்றும் வால்வு இன்னொரு மோசடி. கார் நெடுஞ்சாலையில் தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. படகோ செம்பனைக் குலை நிறைந்த லாரி நாள் முழுக்க மேடே ஏறுவதைப் போல உழைக்கிறது, இறக்கமே கிடையாது. அதனால்தான் கடல் என்ஜினில் கடும் வேலைக்கு இன்கோனெல் என்ற நிக்கல் கலப்பு வால்வு போடுகிறார்கள். எனக்கு வந்தது சாதாரண கார் வால்வு. இரண்டு சிலிண்டரில் விளிம்பு எரிந்து கருகியிருந்தது.

இத்தோடு 'பொருத்தமான' கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) என்று ஒன்றையும் தள்ளப் பார்த்தார்கள். அதைத் தொடவே மாட்டேன் என்று அண்ணன் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். இரண்டு வால்வும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருக்கும் கேம், மெதுவாக ஓடும்போது குளிர்நீரும் புகையோடு சேர்ந்து வெளியேறும் ஈரப் புகைக்குழாயிலிருந்து தண்ணீரைச் சிலிண்டருக்குள் இழுத்துவிடும். அது மட்டும் உள்ளே போயிருந்தால் இன்று பிளாக்கையும் தேடிக்கொண்டிருப்பேன்.

ரசீதைப் பிறகு பார்த்தால் 'ரேசிங் ஹெட்' என்று அச்சாகியிருந்தது. ஹெட்டோடு வராமல், பணம் கட்டி வாரங்கள் கழித்துத் தபாலில் வந்த ரசீது அது. ஆகவே பணம் கைமாறும் முன் ரசீதின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். கடல்நீர் நேரடிக் குளிரூட்டலுக்கு என்ற சொற்கள் அதில் இருக்கட்டும். எழுத மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் 33ஆம் பிரிவு, எந்த வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. என் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் அச்செடுத்து இணைத்திருக்கிறேன். மனு போன பிறகு கடைக்காரர் பாதிப் பணம் தருவதாகவும், இந்தப் பதிவைப் போடக் கூடாது என்றும் தூது விட்டார். பதில் அனுப்பவில்லை.

அரித்த ஹெட் இரண்டும் அண்ணனின் பட்டறையில் இருக்கின்றன. இதே மாதிரி வாங்க எண்ணியிருப்பவர்கள் வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும், வருமுன் எனக்குச் செய்தி அனுப்புங்கள்.