வரட்டி, எத்தனால், குப்பை உலை: இந்தியாவின் உயிரி எரிபொருளில் எது தேறும்?

சர்வதேச எரிசக்தி முகமை ஒவ்வொரு நாட்டுக்கும் போடும் கணக்கில் 'உயிரி எரிபொருளும் கழிவும்' என்று ஒரு வரி உண்டு. இந்தியாவுக்கான அந்த வரியில் கிராமத்து விறகு, சாண வரட்டி, சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கை, பெட்ரோலில் கலக்கும் எத்தனால், டெல்லியில் எரியும் நகரக் குப்பை என்று எல்லாமே ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. 1990இல் நாட்டின் மொத்த எரிசக்தியில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இந்த மூட்டைதான். இன்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பங்கு பாதியானாலும் எரிக்கும் அளவு கூடத்தான் செய்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் அதைவிட வேகமாக ஏறியதால் பங்கு சுருங்கிவிட்டது.

இந்த வரியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடுப்பில் போட்ட வெப்பத்தைத்தான் அது எண்ணுகிறது. பானைக்குப் போய்ச் சேர்ந்த வெப்பத்தை அல்ல. சாதாரண மண் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குதான் சமையலுக்கு ஆகும். கேஸ் அடுப்பில் அறுபது சதவீதம் வரை ஆகும். ஒரு வீடு விறகிலிருந்து சிலிண்டருக்கு மாறினால், அதே சோறு, அதே குழம்புக்கு நாட்டின் எரிசக்திக் கணக்கு சடாரென்று இறங்கும். அதனால் இந்த வரி பெரிதாக இருந்தால் நாடு பசுமையாகிவிட்டது என்றோ, சுருங்கினால் பின்தங்கிவிட்டது என்றோ முடிவுகட்ட முடியாது. ஒரே மூலப்பொருளுக்குப் போட்டிபோடும் வழிகளை எதிரெதிரே வைத்து, எதில் கூடுதல் பயன் என்று பார்ப்பதே உருப்படியான ஒப்பீடு.

விறகா சிலிண்டரா என்பதில் பெரிய விவாதம் இல்லை. புகையைச் சுவாசிப்பவர் யார் என்று கேட்டாலே போதும், சிலிண்டர் ஜெயித்துவிடும். ஏழை வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு தர 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகளைக் கொடுத்தது. ஆனால் இணைப்பு வேறு, நிரப்புவது வேறு. 2021-22இல் உஜ்வலா வீடுகள் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு சிலிண்டர்கூட வாங்கவில்லை. முழுச் சமையலும் கேஸில் என்றால் அது போதவே போதாது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மாட்டுத் தீவனம் காய்ச்சவும் விறகடுப்பு இன்னும் எரிகிறது.

சாணம் வேறு கதை. தட்டி வரட்டியாக்குவதா, காற்றுப் புகாத கலனில் கரைத்து ஊற்றி, மக்கவைத்துக் கேஸ் எடுப்பதா? இருபத்தைந்து கிலோ பச்சைச் சாணத்தை எடுத்துக்கொள்வோம். காய்ந்தால் ஐந்து கிலோ வரட்டி. மண் அடுப்பில் எரித்தால் பானைக்குச் சேர்வது தோராயமாக 1,600 கிலோ கலோரி. அதே சாணத்தைக் கலனில் விட்டால் ஒரு கன மீட்டர் வாயு வரும். அதற்குரிய அடுப்பில் 2,600 கிலோ கலோரிக்குக் குறையாமல் பானைக்குப் போகும். அதாவது ஒன்றரை மடங்கு. அதற்கு மேல், வரட்டி சாம்பலாகிவிடும், கலனிலிருந்து வரும் ஸ்லரியோ (கேஸ் எடுத்தபின் மிஞ்சும் சாணக் கரைசல்) தழைச்சத்து குறையாமல் வயலுக்குப் போகும். என் கணக்கில் உயிரி எரிபொருள் பட்டியல் முழுவதிலும் இவ்வளவு சுத்தமான வெற்றி வேறெதற்கும் இல்லை.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் கோபர் கேஸ் இல்லை? இந்தியாவுக்கு இது புதிதல்ல. இரும்பு மூடி மிதக்கும் கதர் கமிஷன் மாடல் பல தலைமுறை பார்த்தது. 1984இல் செங்கல்லிலேயே கட்டும் மலிவான தீனபந்து மாடலும் வந்தது. 1981-82 முதல் தேசியத் திட்டமே நடந்தது. சுமார் ஐம்பது லட்சம் வீட்டுக் கலன்கள் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கன மீட்டர் கலன் வேண்டுமென்றால் நான்கைந்து மாடுகள் தொழுவத்தில் நிற்க வேண்டும், கரைக்கத் தண்ணீர் வேண்டும், தினமும் ஒருவர் கரைத்து ஊற்ற வேண்டும். டிராக்டர் வந்து மாடு குறைந்த வீட்டில் கலன் காய்ந்துபோகிறது. மாடில்லாத ஏழைக்கோ இது ஆரம்பத்திலிருந்தே கிடையாது; அவருக்கு வரட்டிதான், அதுவும் சாணம் பொறுக்கினால். மாடு நிற்கிற பால் பண்ணைக்கும் கோசாலைக்கும் கோபர் கேஸை நான் தயங்காமல் சொல்வேன். ஒற்றை மாட்டுக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.

கரும்புக்கு வருவோம். இன்றைய சத்தமெல்லாம் எத்தனாலைப் பற்றித்தான். 2014இல் பெட்ரோலில் ஒன்றரை சதவீதமாக இருந்த கலப்பு, 2022 ஜூனில் பத்தைத் தொட்டது. 2030க்கு வைத்த இருபது சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்து 2025இலேயே எட்டிவிட்டார்கள். வேகம் என்று பார்த்தால் அசாத்தியம்தான்.

ஆனால் ஒரு டன் கரும்பைப் பிரித்துப் பாருங்கள். சாறு முழுவதையும் எத்தனாலாக்கினால் சுமார் எழுபது லிட்டர். அதன் வெப்பம் ஏறக்குறைய மூன்றரை லட்சம் கிலோ கலோரி. பிழிந்து போட்ட முன்னூறு கிலோ சக்கை, பாதி ஈரமாக இருந்தும், ஐந்து லட்சத்துக்கு மேல் தரும். மீதி என்று தள்ளியதில்தான் சரக்கு கூட! சக்கையைப் பெட்ரோல் டேங்கில் ஊற்ற முடியாது என்பது சரி. ஆனால் அதிஅழுத்தக் கொதிகலன் வைத்த ஆலை, தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கும். அதற்காகக் கூடுதலாக ஒரு சொட்டு நீர்கூட வயலில் பாய்ச்ச வேண்டியதில்லை. கரும்பு வழி ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் நீர் என்று சொன்னது மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கே.

சக்கைக்கும் ஒரு போட்டியாளர் உண்டு. கரூர் பக்கம் புகளூரில் உள்ள தமிழ்நாடு காகித ஆலை சக்கையில் காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கி, பதிலுக்கு அவர்கள் கொதிகலனுக்கு நிலக்கரி கொடுக்கிற பண்டமாற்று அங்கே நடந்தது. மரத்தை மிச்சப்படுத்தி நிலக்கரியைக் கூட்டுகிற ஏற்பாடு. எரிசக்திப் புள்ளிவிவரத்தில் இது பின்னடைவாகத் தெரியும், காட்டுக்கு அது லாபம்.

எத்தனாலிலும் எல்லாம் ஒன்றல்ல. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 2023 டிசம்பரில் சர்க்கரை தட்டுப்படும் என்று கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்ததும், வடிப்பாலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதிக்கு மாறியது. தீவன விலை ஏறியதன் வலி நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வண்டி ஓட்டுகிறவருக்கும் பங்கு உண்டு: எத்தனாலின் வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், இருபது சதவீதக் கலப்பில் லிட்டருக்கு ஆறேழு சதவீத வெப்பம் போய்விடும். மொலாசஸ் எத்தனால் சரி, தானிய எத்தனால் வேண்டாம் என்பதே என் நிலை.

கடைசியாக நகரக் குப்பை. எரிப்பதா, மக்கவைத்துக் கேஸ் எடுப்பதா? எரிஉலைக்காரர்கள் உடனே சுவீடனைக் காட்டுவார்கள். அங்கே குப்பை காய்ந்தது, உலையின் வெப்பம் குழாய் வழியாக வீடுகளைச் சூடேற்றுகிறது. வெளிநாட்டிலிருந்துகூடக் குப்பையை இறக்குமதி செய்கிறார்கள். நம் குப்பையில் பாதி அழுகும் ஈரக்கழிவு. வெந்நீர்க் குழாய்க்கு இங்கே யாருக்கும் தேவையும் இல்லை. டென்மார்க் தொழில்நுட்பத்தில் 1987இல் டெல்லி திமார்பூரில் கட்டிய உலை சுமார் மூன்று வாரம்தான் ஓடியது. ஈரக் குப்பையில் அது எதிர்பார்த்த வெப்பத்தில் பாதிகூட இல்லை. பின்னால் ஓக்லாவில் வந்த உலை ஓடுகிறது, ஆனால் அக்கம்பக்கத்தார் புகார் ஓயவில்லை. குப்பைக் கிடங்கு உள்ள கொடுங்கையூரில் உலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் தெருவுக்கு வந்ததற்கும் இந்த முன்கதை ஒரு காரணம்.

இந்தூர் எதிர்வழியில் போனது. 2022 பிப்ரவரியில் அங்கே திறந்த ஆலை தினம் 550 டன் ஈரக்கழிவை வாங்கி, வாகனங்களுக்கான வாயு தயாரிக்கிறது. அதன் ரகசியம் இயந்திரத்தில் இல்லை. வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்குவதில் இருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத ஊரில் அதே ஆலையைக் கொண்டுவந்து வைத்தால் பிளாஸ்டிக் சிக்கி ஒரு வருடத்தில் நிற்கும். 2018இல் மத்திய அரசு அறிவித்த சதத் திட்டம் 2023க்குள் ஐயாயிரம் வாயு ஆலைகள் என்றது. அந்த ஆண்டு முடிந்தபோது நூறைக்கூடத் தொடவில்லை. வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும். வாயு எடுத்தபின் மலையாகக் குவிகிற எருவை வாங்க ஆள் இல்லை, மானிய யூரியா அவ்வளவு மலிவு. அந்த எருவுக்கு ஒரு விலை கிடைக்காதவரை, நல்ல வழி எது என்று தெரிந்தும் மாநகராட்சிகள் எரிஉலை டெண்டரைத்தான் விடுவார்கள்.