ஐசிடி-10-சிஎம் தோல் புற்றுநோய்க் குறியீடுகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்கத் தோல் மருத்துவ நிலையங்களின் நோயாளர் குறிப்புகளைச் சென்னையிலிருந்து கோடிங் செய்யும், அதாவது நோயையும் சிகிச்சையையும் குறியீட்டு எண்களாக மாற்றும், பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2015 அக்டோபர் 1 அன்று அந்நாட்டில் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது முதல் அதன் தோல் புற்றுநோய்ப் பகுதியை அன்றாடம் கையாண்டு வருகிறேன். புதிதாகச் சேரும் கோடர்கள் குறியீட்டு எண்களை மனப்பாடம் செய்வதிலேயே கவனத்தைச் செலுத்துகிறார்கள். என் அனுபவத்தில், காப்பீட்டாளருக்கு அனுப்பும் கட்டணக் கோரிக்கையான க்ளெய்ம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணில் இருப்பதில்லை. மருத்துவர் எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, ஒரு வரியில்தான் இருக்கிறது.

அமைப்பைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறையில்லை. நிறமிச் செல்களில் தோன்றும் புற்றான மெலனோமாவுக்கு சி43, மெர்க்கல் செல் புற்றுக்கு சி4ஏ, பேசல் செல், ஸ்குவாமஸ் செல் உள்ளிட்ட மற்றவற்றுக்கு சி44, மேல்தோலைத் தாண்டாத மெலனோமாவுக்கு டி03, அதே நிலையிலுள்ள பிற புற்றுகளுக்கு டி04 என்று பிரிவுகள் தெளிவாக உள்ளன. முந்தைய தொகுப்பான ஐசிடி-9 காலத்தில் இடக்கையா வலக்கையா என்று குறிக்கவே வழியில்லை. இப்போது அது கட்டாயம். 2018 அக்டோபரிலிருந்து மேலிமை, கீழிமை என்றுகூடப் பிரித்தாக வேண்டும். ஆனால் ஒரு முரண்பாடு இன்றுவரை உறுத்துகிறது. மெலனோமாவில் வலக்கை சி43.61, இடக்கை சி43.62 என்று வரிசையாகச் செல்கிறது. பேசல் செல் கார்சினோமாவில் வலக்கை சி44.612, இடக்கையோ சி44.619. பிற இடங்களில் ஒன்பதில் முடியும் குறியீடு பெரும்பாலும் ‘குறிப்பிடப்படாதது’ என்பதையே சுட்டுவதால், இடக்கைக்கு உரிய எண்ணைப் புதியவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டில் மீண்டும் மீண்டும் சிக்கும் இடம் இது.

என் அக்கறை முழுவதும் திசு ஆய்வு அறிக்கையைப் பற்றியது. புறநோயாளிக் குறிப்பில் ‘மெலனோமாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் அதைப் புற்றுநோயாகக் குறியிடக் கூடாது என்பது அதிகாரபூர்வ வழிகாட்டு விதி. நோய் உறுதியாகும்வரை அறிகுறியையோ, தன்மை குறிப்பிடப்படாத கட்டியையோதான் பதிய முடியும். இங்கேதான் டி48.5, டி49.2 என்ற இரண்டும் குழப்பப்படுகின்றன. திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பிறகும் அது தீங்கானதா இல்லையா என்று நோய்க்குறியியல் மருத்துவரால் முடிவு சொல்ல இயலாதபோது மட்டுமே டி48.5 பொருந்தும்; அறிக்கையே வராத நிலையில் டி49.2தான் சரி. தோல் மருத்துவருக்குச் சந்தேகம் இருக்கிறது என்பதற்காக டி48.5 போடும் பழக்கம் பரவலாக உள்ளது. ஒருவருடைய மருத்துவ வரலாற்றில் பொய்யான தகவலைச் சேர்க்கும் செயல் அது என்பதால் அதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

நோய்க்கு ஐசிடி போல, செய்த சிகிச்சைக்கு சிபிடி என்ற தனித் தொகுப்பு உண்டு. அதில் பயாப்ஸிக்கான (சோதனைக்குத் திசு எடுப்பதற்கான) குறியீடு, திசுவை எடுத்த முறையைப் பொறுத்தது. 2019 முதல் சீவி எடுப்பதற்கு 11102, பஞ்ச் முறைக்கு 11104, கீறி எடுப்பதற்கு 11106. ஆனால் கட்டியை முழுதாக வெட்டி அகற்றும்போது, தீங்கற்றதற்கு ஒரு வரிசையும் புற்றுக்கு வேறு வரிசையும் இருப்பதால், அறிக்கை வரும்வரை க்ளெய்மை நிறுத்தி வைப்பதே முறை.

அகற்றிய அளவைப் பொறுத்தும் இந்தக் குறியீடு மாறுவதால், அளவு அடுத்த சிக்கல். கன்னத்தில் 1.4 செ.மீ. அகலமுள்ள பேசல் செல் கார்சினோமாவை இருபுறமும் 0.4 செ.மீ. நல்ல தோலையும் விளிம்பாகச் சேர்த்து அகற்றியதாகக் கொள்வோம். மொத்தம் 2.2 செ.மீ.; குறியீடு 11643. விளிம்பைக் குறிப்பில் எழுதாமல் விட்டால் கையில் இருப்பது 1.4 மட்டுமே, குறியீடு 11642 ஆகக் குறைந்துவிடும். நோய்க்குறியியல் அறிக்கையிலுள்ள அளவை எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வெட்டிய திசு சுருங்கும், பதப்படுத்தும் ஃபார்மலினில் மேலும் சுருங்கும். ஆகவே அறுவைக்கு முன் மருத்துவர் அளந்து எழுதிய எண்ணே நம்பத்தக்கது. நாங்கள் கோடிங் செய்த ஒரு மருத்துவ நிலையத்தின் குறிப்புகளில் விளிம்பு அளவு இருந்ததே இல்லை. மருத்துவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்பினால் வாரக்கணக்கில் பதில் வராது. குறிப்புப் படிவத்திலேயே ‘கட்டியின் அகலம், இருபுற விளிம்பு, மொத்தம்’ என்று மூன்று கட்டங்களைச் சேர்த்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

புற்று அகற்றப்பட்டு, மேற்கொண்டு சிகிச்சை ஏதும் இல்லாத நிலையில் ஆண்டுப் பரிசோதனைக்கு வருபவருக்கு சி43 தொடரக் கூடாது. சிகிச்சைக்குப் பிந்தைய பரிசோதனையைக் குறிக்கும் இசட்08 உடன், முன்பு மெலனோமா இருந்ததைக் குறிக்கும் இசட்85.820 பதிய வேண்டும். ஆனால் விளிம்பை விரிவாக்கி மறுபடி வெட்டும்போது, புதிய திசுவில் புற்று மிச்சமில்லை என்று அறிக்கை வந்தாலும், அந்த அறுவை நடந்தது புற்றுக்காகவே என்பதால் புற்றுநோய்க் குறியீடே நிற்கும்.

இந்தத் தொகுப்பில் நான் பெரிதும் வருந்தும் குறை ஒன்று உண்டு. மெலனோமாவில் பிழைப்பு வாய்ப்பைப் பெருமளவு தீர்மானிக்கும் ப்ரெஸ்லோ தடிமனுக்கு (கட்டி தோலுக்குள் இறங்கிய ஆழத்துக்கு) இதில் இடமே இல்லை, இடக்கையில் 0.5 மி.மீ. கட்டிக்கும் 4 மி.மீ. கட்டிக்கும் ஒரே சி43.62தான். உள்ளங்காலும் தொடையும்கூட ஒரே குறியீட்டில் அடங்கிவிடுகின்றன. நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு மெலனோமா வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. க்ளெய்ம் தரவை மட்டும் வைத்து ஆய்வு செய்பவருக்கு அது கண்ணிலேயே படாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 மெலனோமாவை வகைவாரியாகப் பிரிக்கிறது, ஆனால் அமெரிக்கா இன்னும் அதற்கு மாறவில்லை. ஆகையால் ‘வலக்கால்’ என்று மட்டும் எழுதப்பட்ட மெலனோமாக் குறிப்பு வந்தால், சி43.71 மாறப்போவதில்லை என்று தெரிந்தும், காலின் எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று கேட்டு க்வெரி அனுப்பிவிட்டுத்தான் சார்ட்டை மூடுகிறேன்.