சொந்த வானிலை வரம்பு: எண்ணா, கடிகாரமா?

பிபிஎல் எனும் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்ததும் எனக்கென்று ஒரு வானிலை வரம்பை எழுதிவைக்க உட்கார்ந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று எண்: பார்வைத்தூரம், மேகத்தின் உயரம், குறுக்குக்காற்று (ஓடுபாதைக்குக் குறுக்கே வீசுவது) இவ்வளவு என்று வைப்பது. இன்னொன்று கடிகாரம்: இத்தனை மணிக்குள் தரையிறங்கியிருக்க வேண்டும். கோலாலம்பூர் பக்கத்திலுள்ள சுபாங் விமான நிலையத்திலிருந்து பறக்கிற நான் கடிகாரத்தின் பக்கம்தான்.

எண் வழி தெரிந்ததுதான். தாழ்வாகப் பறக்கும்போது விஎஃப்ஆர் விதி, அதாவது கண்ணால் பார்த்துப் பறப்பதற்கான விதி, கேட்பது 5 கிலோமீட்டர் பார்வை, மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலே கீழே 1,000 அடி. நான் பார்வையை மட்டும் 8 கிலோமீட்டராக்கிக்கொண்டேன்.

சரி, ஆனால் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மை மாட்டவைப்பது மதியத்துக்கு மேல் திரளும் இடிமழை. 0500 இசட் மெட்டாரை, அதாவது உலகப் பொது நேரம் (யுடிசி) 5 மணிக்கான விமான நிலைய வானிலை அறிக்கையைப் பாருங்கள், நமக்கு அது மதியம் 1 மணி. பார்வை 9999 என்றிருக்கும், அதாவது 10 கிலோமீட்டரும் அதற்கு மேலும். காற்றும் லேசுதான், எண்படி எல்லாம் தேறிவிடும். அதே வரியில் 1,700 அடியில் கொஞ்சம் சிபி மேகம் (இடிமழை மேகம்) என்றும் போட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் அதுவே வளர்ந்து ஓடுபாதையை மழையில் மறைத்துவிடலாம். கிளம்பும்போது உள்ள வானத்தை வைத்து, திரும்பும்போது உள்ள வானத்தை எப்படி முடிவு செய்வது?

அதனால் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் 12 மணிக்குள் சக்கரம் தரையில் இருக்க வேண்டும். மற்ற மாதங்களில் 1 மணி. ஈப்போ போனால் விடிந்ததும் கிளம்புவேன், அங்கே பேச்சு நீண்டு நேரம் தாண்டினால் அன்றிரவு அங்கேயே தங்கல், வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன். கடிகாரத்தோடு பேரம் பேச முடியாது. மேலே இருந்துகொண்டு பார்வை 8 கிலோமீட்டரா 7-ஆ என்று கண்ணால் அளப்பது கஷ்டம். பக்கத்து சீட்டு மாமா "இன்னொரு சுற்று போவோமே தம்பி" என்று ஆசையாகக் கேட்டாலும் மணி 11:40 என்றால் 11:40தான்.

கடிகாரம் கைவிடும் இடங்களும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் சுமத்ரா ஸ்குவால் எனும் இடிமழைச் சூறைக்காற்று மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையிலேயே வந்து அடிக்கும். ரேடார் படம் பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வந்தால் காலையிலும் எதிரே வெறும் வெள்ளைதான், அப்போது எண்தான் காப்பாற்றும்.

பினாங்கில் குன்றும் கடல்காற்றும் சேர்வதால் கணக்கு மாறலாம். நான் அங்கே அதிகம் பறந்ததில்லை, அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பறப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். குறுக்குக்காற்றுக்கு நான் வைத்திருக்கும் 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்) வரம்பும் பயிற்சி நாள் அனுபவத்தில் போட்டது, உங்கள் விமானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.